பாலைவனத்தில் ஒரு பவளக் கடல்

வீட்டில் ரீஃப் டேங்க் வைத்திருப்பவர்களிடம் பேசினால் ஒரு புலம்பல் கண்டிப்பா வரும். "உப்பு சரியா இருக்கு, கால்சியம் சரியா இருக்கு, ஆல்கலினிட்டியும் சரியா இருக்கு. பிஹெச் மட்டும் 8-ஐத் தாண்ட மாட்டேங்குது." உடனே பஃபர் பொடியைக் கொட்டுவாங்க. ரெண்டு மணி நேரம் ஏறும், ராத்திரிக்குள்ள பழைய இடத்துக்கே வந்துடும். மறுபடி கொட்டினா ஆல்கலினிட்டி தாறுமாறா ஏறும்.

இதே தலைவலி 26 லட்சம் லிட்டர் தொட்டி வைத்திருந்தவர்களுக்கும் வந்தது. இன்றைக்கு அந்தக் கதைதான்.

இடம் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனம். ஆரக்கிள் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் சுமார் 3 ஏக்கரில் ஒரு கண்ணாடி மாளிகை கட்டினார்கள். பெயர் பயோஸ்பியர் 2. முதல் பயோஸ்பியர் நம்ம பூமி, அதனால் இது ரெண்டாவது. உள்ளே மழைக்காடு, புல்வெளி, வயல், கூடவே ஒரு குட்டிக் கடல். கொஞ்சம் கடல்நீர் கலிஃபோர்னியா கரையிலிருந்து லாரியில் வந்தது, மிச்சத்துக்கு உப்புப் பொடி கரைத்தார்கள். பவளங்கள் மெக்சிகோவின் கரீபியன் கரையிலிருந்து வந்தன. 1991 செப்டம்பர் 26-ஆம் தேதி நாலு ஆண்கள், நாலு பெண்கள் உள்ளே போக, கதவை மூடினார்கள். ரெண்டு வருடம் காற்று உட்பட எல்லாமே உள்ளேயே சுழல வேண்டும் என்பது திட்டம்.

சிக்கல் மண்ணிலிருந்து வந்தது. பயிர் நல்லா வரணும்னு வளமான, மக்கு நிறைந்த மண்ணைப் போட்டிருந்தார்கள். அதிலிருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக் கார்பன் டை ஆக்சைடை விட்டபடியே இருந்தன. அப்போது வெளிக்காற்றில் அது சுமார் 355 பிபிஎம். உள்ளே ஆயிரங்களில் ஓடியது. வெயில் குறைந்த குளிர்காலத்தில் செடிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை.

காற்றில் ஏறியது தண்ணீரில் இறங்கும். கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள்: வாயு உள்ளே இருக்கும்வரை புளிப்பு, திறந்து வைத்தால் சப்பென்று ஆகிவிடும். கடல்நீரும் மேலே இருக்கிற காற்றோடு இப்படித்தான் சமன் செய்துகொள்கிறது. கார்பன் டை ஆக்சைடு கரைந்தால் அமிலம் கூடும், பிஹெச் இறங்கும். பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டத் தேவையான கார்பனேட்டும் குறையும். 8.2-லிருந்து 7.9-க்கு இறங்குவது சின்ன வித்தியாசமாத் தெரியும். ஆனால் இது மடங்குக் கணக்கு. ஹைட்ரஜன் அயனிகள் ரெண்டு மடங்காகிவிட்டன என்று அர்த்தம்.

உள்ளே இருந்தவர்கள் சோடியம் பைகார்பனேட்டும் கார்பனேட்டும் கொட்டித்தான் கடலைத் தாங்கிப் பிடித்தார்கள். கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் ஒரு கருவியும் இருந்தது. அது வெளியே தெரிந்தபோது கடும் விமர்சனம் வந்தது. என்னைக் கேட்டால், அவர்களுக்கு வேறு வழி இல்லை. திறக்க ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

இன்னொரு புதிரும் இருந்தது. 1993 ஜனவரியில் ஆக்சிஜன் சுமார் 14 சதவீதத்துக்கு விழுந்து, வெளியிலிருந்து ஏற்ற வேண்டியதானது. ஆனால் அவ்வளவு ஆக்சிஜன் போயிருந்தால் கார்பன் டை ஆக்சைடு இன்னும் பல மடங்கு ஏறியிருக்கணுமே? அது எங்கே போச்சு? கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜெஃப் செவரிங்ஹாஸும் வாலஸ் ப்ரோக்கரும் கண்டுபிடித்தார்கள்: கான்கிரீட் குடித்துவிட்டது. கான்கிரீட்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு அதைப் பிடித்துக் கால்சியம் கார்பனேட்டாக மாறியிருந்தது. நம்ம ஊர் சுவரில் அடிச்ச சுண்ணாம்பு காற்று பட்டு இறுகுவதும் இதே வேதியியல்தான்.

1996-இல் கொலம்பியா அந்த இடத்தை ஏற்று நடத்தத் தொடங்கியது. கிறிஸ் லாங்டன் குழு அந்தக் கடலின் வேதியியலை வேண்டுமென்றே மாற்றிப் பார்த்தது. கடல்நீரில் சுண்ணாம்புச் சத்து தாராளமா இருக்கு, பவளத்துக்குக் கவலையில்லைன்னு அதுவரை பலர் நம்பினார்கள். 2000-இல் வந்த முடிவு வேறு: கார்பனேட் குறையக் குறையப் பவளத்தின் வளர்ச்சியும் குறைந்தது. தொழிற்புரட்சிக்குப் பிறகு நிஜக் கடலின் பிஹெச்சும் சுமார் 8.2-லிருந்து 8.1 ஆகிவிட்டது. அரிசோனாவில் மூட்டை மூட்டையாகப் பொடி கொட்டினார்கள். நிஜக் கடலுக்கு அது நடக்கிற காரியம் இல்லை.

சரி, நம்ம தொட்டிக்கு வருவோம். ஏசி போட்டு, ஜன்னல் சாத்தி, நாலு பேர் தூங்குகிற ஃபிளாட்டும் ஒரு குட்டி பயோஸ்பியர்தான். முதலில் பிஹெச் மீட்டரைச் சரிபாருங்கள். பிறகு ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை பால்கனியில் வைத்து, ஏர் பம்ப்பால் ஒரு மணி நேரம் குமிழ் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். பிஹெச் நல்லா ஏறினா, குற்றவாளி அறைக் காற்று.

அப்படின்னா ஜன்னலைத் திறங்க. முடியலைன்னா புரோட்டீன் ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளியே நீட்டுங்க, இல்ல அதில் சோடா லைம் குடுவை மாட்டுங்க. தொட்டி விளக்கு அணைந்த நேரத்தில் சம்ப்பில் பாசிக்கு விளக்கு எரிய விடலாம். ஆவியான தண்ணீருக்குப் பதில் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டா விடலாம். ஜெர்மன் மொழியில் கால்க்வாசர், 1970-களில் பீட்டர் வில்கென்ஸ் பரப்பிய முறை. வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்குங்க. அவசரப்பட்டு ஊத்திடாதீங்க, பிஹெச் ஒரேயடியா எகிறிடும்.

ஆல்கலினிட்டி சரியா இருந்தா பஃபர் டப்பாவை மூடி வைங்க. பால்கனி டம்ளர் டெஸ்ட்டில் என்ன நம்பர் வந்ததுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.