குளிர்கால மலை அல்ட்ரா ஓட்டம்: சமவெளிக்காரரின் ஆயத்தம்

மாரத்தானின் 42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ரா எனப்படும். அவற்றுள் கடினமான ஒரு வகை குளிர்காலத்தில் மலைமேல் நடப்பது. பாதையில் போட்டிக்கென அம்புக்குறி இருக்காது, ரிப்பன் கட்டியிருக்காது. வரைபடம், திசைகாட்டி, ஜிபிஎஸ் கருவி ஆகியவற்றை வைத்து ஓடுபவரே வழி கண்டுபிடிக்க வேண்டும். பிரிட்டனில் 2012 முதல் நடக்கும் ஸ்பைன் ரேஸ் இவ்வகையில் பெயர்பெற்றது. இங்கிலாந்தின் ஈடேல் கிராமத்தில் தொடங்கி, பென்னைன் வே நடைபாதை வழியாக ஸ்காட்லாந்தின் கிர்க் யெட்டம் வரை 268 மைல், அதாவது 431 கிலோமீட்டர். கெடு 168 மணி நேரம். உண்பதும் உறங்குவதும் அதற்குள்தான். 2019 ஜனவரியில் ஜாஸ்மின் பாரிஸ் ஆண், பெண் அனைவரையும் முந்தி 83 மணி 12 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். வழியிலுள்ள தங்குமிடங்களில் தம் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலும் எடுத்துவைத்தார்.

கடலூர், சிதம்பரம் பகுதியிலிருந்து இதற்குத் தயாராகிறவருக்கு முதல் தடை மலையே இல்லாததுதான். மத்திய சிறைச்சாலை அமைந்துள்ள கேப்பர் மலை பெயரில் மட்டும் மலை. உண்மையில் அது செம்மண் மேடு. மேற்கே கல்வராயன் வரை போனால்தான் சொல்லும்படியான ஏற்றம் கிடைக்கும். ஸ்பைன் ரேஸின் மொத்த ஏற்றமோ 10,000 மீட்டருக்கு மேல். முதுகில் பையோடு கேப்பர் மலைச் சரிவில் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதும், மாடிப்படியும், தேவனாம்பட்டினம் கடற்கரையின் இளகிய மணலும் காலுக்கு ஓரளவு உரமேற்றும். கால் வலுவைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. மாதக்கணக்கில் உழைத்தால் அது வந்துவிடும். ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் வழி தவறுவதும் குளிரும்தான்.

வழி கண்டுபிடிக்கும் பயிற்சியைத் தமிழகக் காடுகளில் இரவில் தனியாகச் செய்ய முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் பலர் இறந்தபின் அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வகுத்தது. வனத்துறை அனுமதி கட்டாயம். யானையும் காட்டெருமையும் திரியும் இடத்தில் அது நியாயமும்கூட. வரைபடம் பார்க்கும் பழக்கத்தைச் சமவெளியிலேயே பெறலாம். மார்கழி விடியலில் மூடுபனி இறங்கிய வயல்வெளியில், வரப்புகளையும் வாய்க்கால்களையும் படத்தோடு ஒப்பிட்டுப் போவது நல்ல பாடம். மலையில் ஆகும் நேரத்தைக் கணிக்க 1892-இல் ஸ்காட்லாந்தின் நெய்ஸ்மித் தந்த கணக்கு உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி. இது நடைக்கான கணக்கு. சோர்ந்துபோன ஓட்டக்காரருக்கும் ஏறக்குறைய பொருந்தும்.

திசைகாட்டியில் தென்னிந்தியர் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. புவிகாந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியே செல்கிறது. தும்பாவில் 1963-இல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அதுவே காரணம். இங்கே காந்த ஊசி ஏறக்குறைய கிடைமட்டமாக நிற்கும். வட இங்கிலாந்தில் அதன் வடமுனையைப் புவிகாந்தம் 65 பாகைக்கும் மேலான சாய்வில் கீழே இழுக்கும். நம் பகுதிக்கெனச் சமன்செய்த திசைகாட்டியை அங்கே கொண்டுபோனால் ஊசி அடித்தட்டில் உரசித் தப்பான திசையைக் காட்டலாம். உலகெங்கும் பயன்படும்படி செய்த ஊசி உள்ள திசைகாட்டியை வாங்குவது, அல்லது அங்கே போய் வாங்குவது நல்லது.

குளிரின் கொடுமைக்கு எடுத்துக்காட்டு சீனாவின் கான்சு மாகாணம். 2021 மே 22 அன்று அங்கு நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீர் மழை, ஆலங்கட்டி, கடுங்காற்றில் சிக்கி 21 பேர் இறந்தனர். பலர் அரைக்கால்சட்டையும் மெல்லிய பனியனும் மட்டுமே அணிந்திருந்தனர். உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் தாழ்வெப்பநிலை (ஹைப்போதெர்மியா) தொடங்குகிறது. முதலில் நடுக்கம், பிறகு பேச்சுக் குழறும், கால் இடறும், கை பையின் ஜிப்பைத் திறக்கத் தடுமாறும். நடுக்கம் தானாக நின்றுவிட்டால் அது தேறியதன் அடையாளமல்ல, ஆபத்து முற்றியதன் அடையாளம். நம் ஊர் வெயிலுக்கு உகந்த பருத்தி குளிரில் எமன்: நனைந்தால் காயாது, உடல்சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, நீர்புகா மேலாடை, மாற்றுக் கையுறை ஆகியவை அவசியம். கையுறை மாட்டிய கையால் பையைத் திறந்து எடுக்க வீட்டிலேயே பழக வேண்டும்.

நாள்முழுதும் ஈரத்தில் ஊறும் பாதத் தோல் வெளுத்துச் சுருங்கி உரியும். சேற்றுப்புண் கண்ட உழவர்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். மெழுகுக் களிம்பு பூசுவதும், தங்குமிடத்தில் காலை உலரவிட்டுக் காலுறை மாற்றுவதும் பலன் தரும். உணவுக்குப் பண்ருட்டி முந்திரி கைகொடுக்கும்: 100 கிராமில் சுமார் 550 கலோரி, குளிரிலும் கல்லாக இறுகாது. தண்ணீர்ப் பையின் உறிஞ்சுகுழாய்தான் உறைந்துபோகும்.

ஜனவரியில் வட இங்கிலாந்தில் பகல் ஏறக்குறைய எட்டு மணி நேரமே என்பதால், தலைவிளக்கும் மாற்று மின்கலமும் இன்றி ஓட இயலாது. தூக்கமின்மையால் மூன்றாம் இரவில் பாறை ஆளாகத் தெரிவதும் உண்டு. மலைகளில் பலர் வைத்திருக்கும் செயற்கைக்கோள் செய்திக்கருவியை அங்கே வாங்கினால், திரும்பும்போது பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. இந்தியாவில் உரிமமின்றி அதை வைத்திருப்பது குற்றம், விமான நிலையங்களில் வெளிநாட்டவரே பிடிபட்டிருக்கிறார்கள்.