படிப்பும் பயிற்சியும் சம்பளத்தை எப்படி மாற்றுகின்றன?

எஸ்பிஎம் முடித்த கையோடு கிள்ளான், ஷா ஆலம் தொழிற்சாலைகளில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் சம்பளம் பெரிதாகத்தான் தெரியும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஓவர்டைம் சேர்ந்தால் 2,500 வெள்ளியைத் தொடலாம். ஆனால், ஓவர்டைம் பணத்துக்கு இபிஎப் சந்தா கிடையாது.

சேமநிதிக் கணக்கு

அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளி என்றால், தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் 408 வெள்ளி சேமநிதிக்குப் போகும். அடிப்படைச் சம்பளமே 2,500 வெள்ளி என்றால் 600 வெள்ளி சேரும். மொத்தச் சம்பளம் ஒன்றே என்றாலும், சேமிப்பில் ஆண்டுக்கு 2,304 வெள்ளி வித்தியாசம். உடம்பு தளரும் வயதில் ஓவர்டைம் நின்றுவிடும். அடிப்படைச் சம்பளமே கைகொடுக்கும். அதை உயர்த்தும் வழிகளில் முதன்மையானவை கல்வியும் திறன் சான்றிதழும்.

திறன் சான்றிதழ்

2006ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் எஸ்கேஎம் 1, 2, 3 ஆகிய நிலைகளும், அவற்றுக்கு மேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா நிலைகளும் உள்ளன. எஸ்பிஎம் தேர்ச்சி இல்லாதவரும் முதல் நிலையில் தொடங்கலாம். கோலாலம்பூர் கூச்சாய் லாமாவில் அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது.

பல ஆண்டுகள் வேலை பார்த்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு பிபிடி என்னும் முன்னனுபவ அங்கீகார முறை உண்டு. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்து மதிப்பீட்டுக்கு உட்படலாம். வேலை தெரிந்திருப்பது வேறு, அதற்கு உரிமம் இருப்பது வேறு. எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் சான்றிதழ் பெற்றவர், வயரிங் வேலைக்குக் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்கலாம். அனுபவம் மட்டுமே உள்ளவர் கடைசி வரை உதவியாளராகவே இருக்க நேரிடும்.

பட்டப்படிப்பு

எஸ்பிஎம்முக்குப் பின் பட்டம் பெற நான்கைந்து ஆண்டுகள் ஆகும். நான்கு ஆண்டுகளில் குறைந்தபட்சச் சம்பளமே 81,600 வெள்ளி வந்திருக்கும். அதை விட்டுக்கொடுத்து, பிடிபிடிஎன் கடனும் வாங்கிப் படிக்கிறபோது, படிப்பைப் பாதியில் நிறுத்தினால் கடன் மட்டுமே மிஞ்சும்.

எனவே, சேருமுன் அந்தப் படிப்பு எம்கியூஏ பதிவேட்டில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். திறன் பயிற்சியாக இருந்தால், பயிற்சி மையம் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்றதா என்று கேட்க வேண்டும். திறன் பயிற்சிக்கு பிடிபிகே கடனுதவி உண்டு. வேலையில் இருப்பவர்கள், தங்கள் நிறுவனம் எச்ஆர்டி கார்ப்புக்கு லெவி கட்டுகிறதா என்று விசாரிக்கலாம். அந்தப் பணம் தொழிலாளர்களின் பயிற்சிக்கென்றே கட்டப்படுவது.