விஸ்வநத்தத்திலிருந்து பலாலி எவ்வளவு தூரம்?

வரைபடத்தில் நூல் பிடித்து அளந்தால் சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்திலிருந்து சென்னை சுமார் 470 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமோ 250 கிலோமீட்டர்தான். நம் தலைநகரைவிடப் பாதித் தொலைவில் இருக்கும் ஊரை நாம் 'வெளிநாடு' என்று தூரத்தில் வைத்தே பழகிவிட்டோம். இப்பழக்கம் வந்த கதை பெரும்பாலும் பலாலி ஓடுபாதையின் கதையே எனலாம்.

பலாலி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம். போர் முடிந்தபின், 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பி, இங்கே இறங்கி, பின் சென்னைக்குப் பறந்தது. டக்ளஸ் டிசி-3 வகையைச் சேர்ந்த அதன் பெயர் 'சீதாதேவி'. இலங்கையின் விமானச் சேவை தமிழ்நாட்டை நோக்கித்தான் முதல் சிறகை விரித்தது என்பது கவனிக்கத்தக்கது. (இலங்கையிலிருந்து வான்வழியே திரும்பியவளின் பெயரைத் தேர்ந்தவர் குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும்.)

பிறகு வந்தது யுத்தம். பலாலி இராணுவத் தளமாயிற்று. சுற்றியிருந்த கிராமத்தார் 1990இல் வீடு வாசல் விட்டு இடம்பெயர்ந்தனர். அந்நிலங்கள் இன்றுவரை முழுமையாகத் திரும்பக் கிடைக்கவில்லை. தரைவழி அடைபட்ட காலங்களில் கொழும்புக்குச் செல்லும் 330 கிலோமீட்டர் வான்வழிதான் பலருக்கு மிஞ்சியது. ஒரு மணி நேரப் பயணம். 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியில் கிளம்பிய லயன் ஏர் 602 அந்த ஒரு மணி நேரத்தைக் கடக்கவில்லை. மன்னார்க் கடலில் 55 பேருடன் வீழ்ந்தது. விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டதென்பது பின்னர் தெரியவந்தது. கடலடியில் அதன் சிதைவுகள் கண்டறியப்பட்டது 2012இல். உறவினர்கள் பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தார்கள்.

அதே 2012இல் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் வந்தது. நம் பகுதியினர் யாழ்ப்பாணம் செல்ல, பலாலிக்குத் தெற்கே வெகுதூரம் போய் இறங்கி, அங்கிருந்து நானூறு கிலோமீட்டர் அளவு வடக்கே ஏறவேண்டும். 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. நான்கே மாதத்தில் கொரோனா அதை நிறுத்திற்று. மீண்டும் பறந்தது 2022 டிசம்பரில். 2025 மார்ச் 30 அன்று திருச்சி–யாழ்ப்பாணம் நேரடிச் சேவை வந்தது.

திருச்சியிலிருந்து பலாலி நேர்க்கோட்டில் 185 கிலோமீட்டர். மணிக்கு 500 கிலோமீட்டர் செல்லக்கூடிய ஏடிஆர் விமானத்துக்கு இருபத்திரண்டு நிமிடக் கணக்கு. ஆனால் அட்டவணை ஏறத்தாழ ஒரு மணி நேரம் தருகிறது. ஓடுபாதைவரை ஊர்தல், மேலேறுதல், ஏறி முடிக்குமுன்பே இறங்கத் தொடங்குதல், தரையிறங்க முறைப்படி வளைந்து வருதல் எல்லாம் அதில் அடக்கம். குறுந்தூரப் பயணங்களில் வேகத்துக்கு வேலை குறைவு. விஸ்வநத்தத்திலிருந்து சாலைவழியே திருச்சி சேர இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கடல் கடப்பதைவிட அதற்கே நேரம் அதிகம்.

விஸ்வநத்தத்து வெடியும் தீப்பெட்டியும் பயணிகள் விமானத்தில் ஏற முடியாதவை. சரக்கு பழையபடி லாரியில்தான் போகும். மனிதர்கள் மட்டும், கடவுச்சீட்டோடு, காலையில் இங்கே காப்பி குடித்துவிட்டுப் பிற்பகலில் பலாலியில் இறங்கலாம்.