வட்டத்தைப் பகுத்த பொறி

மாணவர்களே! வட்டத்திற்கு 360 பாகை. பாகைக்கு 60 கலை. ஏட்டில் எளிதான இக்கணக்கு உலோகத்தில் எளிதன்று. மாலுமியின் கோணமானி ஒரு கலை பிழைத்தால், அட்சரேகைக் கணக்கு ஒரு கடல்மைல் பிழைக்கும்; இருளில் பாறையில் மோத அதுவே போதும். முன்னாளில் கைவினைஞர் கவராயங்கொண்டு கையாலேயே கோடுகளைப் பகுத்தனர். லண்டனில் வாழ்ந்த ஜெஸ்ஸி ராம்ஸ்டன், 1770-களில் இதற்கெனச் சிறந்ததொரு பொறி சமைத்தார். 45 அங்குல விட்டமுள்ள சக்கரம். அதன் விளிம்பில் 2160 பற்கள். பற்களோடு பொருந்திய திருகு ஒருமுறை சுற்றினால், சக்கரம் 10 கலையே நகரும். பிரிட்டிஷ் தீர்க்கரேகை வாரியம் அவருக்கு 615 பவுன் அளித்தது. பொறியின் விளக்கம் 1777-இல் நூலாகிப் பிறர்க்கும் பயன்பட்டது. இன்று கணினி இயக்கும் எந்திரங்களின் சுழல்மேசைகள் பலவற்றிலும் திருகும் பற்சக்கரமும் இவ்வாறே இணைகின்றன. கட்டளை எத்துணைச் சரியாயினும், பல் பிழைத்தால் கோணமும் பிழைக்கும் என்பதை மறவாதீர்.