தோட்டத்துக் குடும்பங்கள் ஒன்றுகூட ஒரு சனிக்கிழமை

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாறியபின், ஒரே லயத்தில் வளர்ந்த குடும்பங்கள் இன்று சுங்கைப்பட்டாணி, கிள்ளான், ஜொகூர் பாரு, சிங்கப்பூர் எனச் சிதறிக் கிடக்கின்றன. சாவு வீட்டில் மட்டுமே சந்தித்துக்கொள்ளும் உறவுகள் ஏராளம். அங்கே பிள்ளைகள் யாரும் அறிமுகமாவதில்லை.

ஒன்றுகூடலுக்கு முதல் சிக்கல் நாள்தான். கெடா, கிளந்தான், திரங்கானுவில் வார விடுமுறை வெள்ளி, சனி. மற்ற மாநிலங்களில் சனி, ஞாயிறு. ஜொகூரும் 2025 ஜனவரியில் இதற்குத் திரும்பிவிட்டது. ஆகவே எல்லாருக்கும் பொதுவானது சனிக்கிழமையே. சிங்கப்பூர் உறவினர்களுக்கு ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை தோதுப்படும். தீபாவளி வேண்டாம், அன்று அவரவர் வீட்டிலேயே விருந்தினர் கூட்டம். பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா இன்னும் நடக்கிறது என்றால் அதையொட்டி வைக்கலாம். பெரியவர்கள் அழைக்காமலே வந்துவிடுவார்கள்.

மண்டபத்தில் படிக்கட்டு இல்லாததும் கழிப்பறை அருகில் இருப்பதும் முக்கியம். சமையலை வெளியில் கொடுத்துவிட்டால் பெண்களும் உட்கார்ந்து பேசலாம். செலவுப் பங்கைப் புலனக் குழுவில் கேட்காமல் தனியாகக் கேட்பது நல்லது. வேலையில்லாதவர் அதற்காகவே வராமல் போவதுண்டு.

கோலி, பல்லாங்குழிக்குத் தாத்தா பாட்டியே நடுவர். பெரட்டு, கிராணி, ஆயாக்கொட்டகை என்றால் என்னவென்று சிறுவர்களுக்குப் புதிர்ப்போட்டி வைக்கலாம். சுவரில் பெரிய அட்டை ஒட்டி, மூத்தவர் சொல்லச் சொல்ல இளையவர் வம்சாவளியை எழுதட்டும். எழுதி முடித்ததும் படமெடுத்து அன்றே எல்லா வீட்டுக்கும் அனுப்பிவிட வேண்டும்.