அரசர் நீங்கிய நகரம்

ஒரு தலைநகரை விட்டு அரசர் நீங்கிவிட்டால் அந்த நகரம் என்ன ஆகும்? வரலாறு பயிலும் மாணவர்கள் இந்த வினாவை எழுப்பிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் கிடைக்கும் விடை துயரமானது. அக்பர் ஆசையோடு எழுப்பிய பதேபூர் சிக்ரியை விட்டு 1585 ஆம் ஆண்டில் அவர் லாகூருக்குப் பெயர்ந்தார். அரண்மனைகள் ஆளின்றி வெறிச்சோடின. 1565 இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகர வேந்தர் பெனுகொண்டாவுக்குப் போயினர். முத்தும் பட்டும் விற்ற அங்காடித் தெருக்கள் வெறுங் கற்றூண்களாயின.

இதற்கு விலக்காக நிற்கும் நகரம் ஒன்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அது ஜப்பான் நாட்டுக் கியோட்டோ. கி.பி. 794 இல் கம்மு சக்கரவர்த்தி அதனைத் தம் தலைநகராக்கினார். சீனத்துச் சாங்கான் நகரை முன்மாதிரியாகக் கொண்டு, சதுரங்கப் பலகைபோல் நேர்நேராகத் தெருக்கள் வகுக்கப்பட்டன. கியோட்டோ என்ற சொல்லுக்கே தலைநகர் என்பதுதான் பொருள். ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் சக்கரவர்த்திகள் அங்கே வீற்றிருந்தனர். 1869 ஆம் ஆண்டில் மெய்ஜி சக்கரவர்த்தி கிழக்கே உள்ள டோக்கியோவுக்குச் சென்றார். தலைநகர் மாறிற்று என்று முறையான அறிவிப்புக்கூட வரவில்லை. சென்றவர் திரும்பி வந்து குடியிருக்கவில்லை, அவ்வளவுதான். பிரபுக்களும் அதிகாரிகளும் அவர்களை நம்பி வாழ்ந்த வணிகர் பலரும் பின்தொடர்ந்தனர். ஆயினும் கியோட்டோ பாழாகவில்லை. ஏன்?

2023 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நண்பர் இருவருடன் அந்நகரில் சில நாட்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மூவருமே ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். ஒருவர் கணிதம் கற்பித்தவர், மற்றவர் ஓவியம், நான் சரித்திரம். எங்களுக்கு வழிகாட்டியவர் அந்நகரையே பிறப்பிடமாகக் கொண்ட முதிய நண்பர் ஒருவர். அவரும் ஆசிரியராய் இருந்தவரே. மேலே கேட்ட வினாவை முதல் நாளே அவரிடம் கேட்டேன். அவர் உடனே விடை சொல்லவில்லை. "முதலில் தெருவைப் பாருங்கள், பிறகு பேசலாம்" என்று அழைத்துச் சென்றார்.

நாங்கள் சென்ற காலம் கியோன் விழா நடைபெறும் காலம். 869 ஆம் ஆண்டில் நாடெங்கும் கொள்ளை நோய் பரவிய போது, அதனைத் தணிக்க வேண்டி, நாட்டின் மாகாணங்களைக் குறிக்கும் 66 நீண்ட வேல்களை நிறுத்தி வழிபட்டனர். அதுவே இவ்விழாவின் தோற்றம் என்பர். இன்று யசாகா ஆலயத்தின் விழாவாக ஜூலை முழுவதும் அது நடைபெறுகிறது. அதன் சிறப்பு தேரோட்டம். 17 ஆம் நாள் 23 தேர்களும், 24 ஆம் நாள் 11 தேர்களும் உலா வருகின்றன. பெரிய தேர் உச்சிக் கம்பத்தோடு ஏறத்தாழ 25 மீட்டர் உயரம். பன்னிரண்டு டன் அளவு எடை.

அத்தேர்களைக் கட்டும் காட்சியைத் தெருவில் நின்று கண்டோம். ஆணி அடிப்பதில்லை. மரச்சட்டங்களை வைக்கோற் கயிற்றாலேயே இறுகப் பிணைக்கின்றனர். கணித நண்பர் ஒரு முடிச்சின் சுற்றுகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் கைவிட்டார். ஓவிய நண்பரோ, கயிறு விழுந்த ஒழுங்கைக் கண்டு, இது கட்டா கோலமா என்று வியந்தார். "ஆணி அடித்தால் வண்டி திரும்பும்போது சட்டம் பிளக்கும், கயிறாயின் விட்டுக்கொடுக்கும்" என்று வழிகாட்டி நண்பர் விளக்கினார். தேரோட்ட நாளில் அதன் பொருளைக் கண்கூடாக அறிந்தோம். அத்தேர்களின் பெருஞ்சக்கரங்கள் பக்கவாட்டில் திரும்பமாட்டா. ஆகவே தெரு முனையில் மூங்கிற் பட்டைகளைப் பரப்பி, நீர் ஊற்றி வழுக்கச் செய்து, கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்துத் தேரைச் சிறிது சிறிதாகத் திருப்புகின்றனர். தேரின் உடல் முழுவதும் நெளிகிறது, ஆனால் முறிவதில்லை.

தேர்களைப் போர்த்தியுள்ள துணிகளும் காணத்தக்கவை. ஐரோப்பாவின் பிளாண்டர்சு நாட்டில் பதினாறாம் நூற்றாண்டில் நெய்யப்பட்ட சித்திரத் திரைகள் அவற்றுள் உண்டு. பாரசீகத்திலிருந்தும் நம் இந்திய நாட்டிலிருந்தும் சென்ற பழங் கம்பளங்களும் உண்டு. வெளிநாட்டார் வரவை ஜப்பான் அடைத்து வைத்திருந்த காலத்திலும், நாகசாகித் துறை வழியாக டச்சு வணிகர் கொணர்ந்த பொருள்களைக் கியோட்டோ வணிகர் தேடி வாங்கித் தம் தேருக்கு அணிவித்தனர்.

இத்தேர்கள் அரசருக்கு உரியவை அல்ல. ஆலயத்துக்கும் உரியவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தெருவுக்கு உரியது. இதுவே நான் தேடிய விடையின் முதற்பகுதி. கியோட்டோவில் 'சோ' என்றொரு அமைப்பு உண்டு. ஒரே தெருவில் எதிரெதிராக வாசல் வைத்து வாழும் வீடுகளின் கூட்டமே ஒரு சோ. தெரு அங்கே இரு வரிசைகளைப் பிரிக்கும் எல்லை அன்று, இணைக்கும் முற்றம்.

இவ்வமைப்பை வலுப்படுத்தியது ஒரு பேரழிவு. 1467 முதல் 1477 வரை பதினோராண்டுக் காலம் நடந்த ஓனின் போரில் நகரம் எரிந்து சாம்பலாயிற்று. காக்க வேண்டிய தளபதிகளே தெருக்களில் போரிட்டனர். அந்நிலையில் மக்கள் தெரு முனைகளில் கதவமைத்து இரவில் தாமே காவல் புரிந்தனர். 33 ஆண்டுகள் நின்றிருந்த தேரோட்டத்தை 1500 ஆம் ஆண்டில் மீண்டும் நடத்தினர். 1533 இல் ஆலயச் சடங்கை நிறுத்துமாறு மேலிடத்து ஆணை வந்தது. தெருக்களின் பிரதிநிதிகள் ஆலயத்திற்குச் சென்று, சடங்கு இல்லையாயினும் தேரோட்டம் நடக்க வேண்டும் என்று வேண்டினர். தேரைத் தமது உடைமையாக, தமது கடமையாக அவர்கள் கருதியமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

விழா நாட்களின் மாலையில் பழைய வீடுகள் சிலவற்றின் முன்னறைகள் திறந்து கிடக்கும். தலைமுறையாகக் காத்து வரும் சித்திர மடிப்புத் திரைகளைத் தெருவில் செல்வோர் காணும்படி நிறுத்தி வைப்பர். அத்தகைய ஒரு வீட்டில் எங்களை அமர்த்திக் குளிர்ந்த வாற்கோதுமைத் தேநீர் தந்தனர். தேர்மேல் அமர்ந்த இளைஞர்களின் மணியோசையும் குழலோசையும் அங்கேயே கேட்டன. அப்போதுதான் வழிகாட்டி நண்பர் சொன்னார்: "ஐயா, நாளை உங்களை ஒரு பள்ளிக்கு அழைத்துச் செல்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது."

மறுநாள் சென்ற இடம் முன்னாளில் ஆரம்பப் பள்ளியாக இருந்தது. 1998 முதல் நகரின் பள்ளி வரலாற்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. பழைய பாடநூல்களும், பெயர்பெற்ற ஓவியர்கள் பள்ளிகளுக்கு அளித்த சித்திரங்களும் அங்கே உள்ளன. அவற்றின் நடுவே நான் அறிந்துகொண்ட செய்தி இது.

சக்கரவர்த்தி நீங்கிய அதே 1869 ஆம் ஆண்டில், அவ்வொரே ஆண்டுக்குள், கியோட்டோ மக்கள் 64 ஆரம்பப் பள்ளிகளைத் திறந்தனர். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்புதான், 1864 ஆம் ஆண்டுக் கலகத் தீயில், நகரின் பெரும்பகுதி எரிந்து போயிருந்தது. தேர்களிலும் பல அழிந்தன. கையில் பொருள் இல்லை, அரசவையும் இல்லை. ஆயினும் சோக்கள் பல சேர்ந்து ஒரு வட்டமாகி, வட்டத்திற்கு ஒரு பள்ளி என்று முடிவு செய்தனர். ஜப்பானிய அரசு நாடு முழுவதற்கும் கல்விச் சட்டம் இயற்றியது 1872 இல்தான். சட்டம் வருவதற்கு மூன்றாண்டுகள் முன்னரே இந்நகரத்தார் பள்ளிக் கதவைத் திறந்துவிட்டனர்.

பணம் எங்கிருந்து வந்தது? மாகாண ஆட்சி ஓரளவு உதவியது; செல்வர்கள் நிலமும் பொருளும் தந்தனர். பள்ளியை நடத்தும் செலவுக்கோ வீடுதோறும் ஒரு தொகை வசூலித்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'அடுப்புக் காசு'. அடுப்பு எரியும் வீடு ஒவ்வொன்றும் தர வேண்டும். படிக்கும் குழந்தை வீட்டில் உண்டா இல்லையா என்ற கேள்வியே இல்லை. மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். பிள்ளையில்லாத முதியவரும் பள்ளிக்குத் தந்தார். தேருக்குத் தருவதுபோல் தந்தார் என்றே நான் எண்ணுகிறேன். ஊர்த் தேருக்குக் கயிறு தருபவன் தன் வீட்டு வாசலுக்கு மட்டுமா அது வரவேண்டும் என்று எண்ணுகிறான்?

அப்பள்ளிகளில் எழுத்தும் வாசிப்பும் கணக்கும் கற்பித்தனர். பள்ளிக் கட்டடமே வட்டத்தின் கூடமுமாயிற்று. அங்கேயே கூட்டம் கூடினர்; அம்மைக் குத்தினர்; மேல்மாடத்தில் முரசு வைத்து நேரம் அறிவித்துத் தீக் காவலும் புரிந்தனர். ஜப்பானின் பெருங் கல்வியாளர் புகுசாவா யூகிச்சி 1872 இல் அப்பள்ளிகளைப் பார்வையிட்டு, மனமகிழ்ந்து, அவற்றைப் பற்றித் தனியே ஒரு குறிப்பு எழுதி வெளியிட்டார்.

பள்ளியோடு அவர்கள் நின்றாரில்லை. அரசவை போனதால் நிஷிஜின் வட்டாரத்துப் பட்டு நெசவாளர் வாங்குவோரை இழந்து தவித்தனர். 1872 இல் நெசவுத் தொழிலாளர் மூவர் பிரான்சு நாட்டு லியோன் நகருக்கு அனுப்பப்பட்டனர். மொழி அறியாத ஊரில் ஜக்கார்டு தறியின் நுட்பத்தைக் கற்றனர். இருவர் தறியோடு திரும்பினர். மூன்றாமவர் 1874 இல் திரும்பும் வழியில், தாய்நாட்டுக் கரை அருகிலேயே, கப்பல் மூழ்கி உயிர் நீத்தார். இன்றும் நிஷிஜின் பட்டு உலகப் புகழோடு விளங்குகிறது என்றால் அவ்விலையையும் நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அடுத்து வந்தது பீவா ஏரிக் கால்வாய். மலைக்கு அப்பால் உள்ள ஏரி நீரைக் குடைந்த வழியே நகருக்குக் கொணர ஆளுநர் கிதகாக்கி குனிமிச்சி திட்டமிட்டார். அதற்குப் பொறியாளராக அமர்ந்தவர் தனாபே சகுரோ. 1883 இல் கல்லூரியிலிருந்து வெளிவந்தபோது அவருக்கு வயது 21. அவர் கல்லூரியில் எழுதிய ஆய்வே இக்கால்வாயைப் பற்றியதுதான். 1885 இல் தொடங்கிய பணி 1890 இல் முடிந்தது. 2,436 மீட்டர் நீளமுள்ள முதற் சுரங்கம் அக்காலத்தில் ஜப்பானிலேயே மிக நீண்டது. செலவுக்காக நகரத்தார்மீது தனி வரி விழுந்தது, முணுமுணுத்தவர்களும் பலர். சுரங்கத்தில் உயிரிழந்த தொழிலாளர்க்குத் தனாபே தம் சொந்தப் பணத்தில் நினைவுக்கல் நாட்டினார். கால்வாய் நீரால் 1891 இல் மின்சாரம் பிறந்தது. 1895 இல் ஜப்பானின் முதல் மின்சார டிராம் வண்டி அந்நகரில் ஓடிற்று. இன்றும் நகரின் குடிநீர் அக்கால்வாய் வழியே வருகிறது.

இனி ஒரு வருத்தமான செய்தியையும் மறைக்கலாகாது. நகரின் நடுப்பகுதியில் குழந்தைகளின் தொகை குறைந்துவிட்டது. பழைய பள்ளிகள் பல ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு மூடப்பட்டன. ஒன்று, 2006 முதல் சித்திரக்கதை அருங்காட்சியகமாக இருக்கிறது. வேறு சில, தங்கும் விடுதிகளாகியுள்ளன. தேர் இழுக்கவும் வெளியூர்த் தொண்டர்களை நாட வேண்டிய தெருக்கள் உண்டு. அடுக்குமாடி வீடுகளில் புதிதாகக் குடிவந்தவர்களையும் தேரின் பங்காளிகளாக்க வேண்டிய நிலை. இவ்வமைப்பு இன்னும் எத்தனை தலைமுறைக்கு நிற்கும் என்ற கவலை எங்கள் நண்பருக்கு இருந்தது. ஆனால் அவர் வேறொன்றும் சொன்னார். 1864 ஆம் ஆண்டுத் தீயில் எரிந்த கப்பல் வடிவத் தேர், 150 ஆண்டுகளுக்குப் பின், 2014 இல் மீண்டும் உலா வந்தது. 1826 இல் மழையிற் சேதமுற்று நின்றுபோன மற்றொரு தேர் 196 ஆண்டுகள் கழித்து 2022 இல் தெருவிற்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் அவ்விரு தெருவாரும் தேரில்லாமலே அதன் தெய்வ உருவங்களைப் பேணி வழிபட்டு வந்தனர்.

"தேர் எரியலாம், அது எங்களுடையது என்ற எண்ணம் எரியவில்லை" என்றார் அவர். நண்பர்கள் இருவரும் நெடுநேரம் பேசவில்லை.

நேயர்களே, அரசர் கட்டிய நகரை அரசரே காக்க வேண்டும் என்று எண்ணும் மக்கள், அவர் நீங்கியதும் நகரையும் விட்டு நீங்குகின்றனர். தெருவைத் தம்முடையது என்றும், அடுத்த வீட்டுக் குழந்தையின் கல்வியைத் தம் பொறுப்பு என்றும் எண்ணுபவர் நீங்குவதில்லை. மாணவ மணிகளே, நாளை நீங்கள் பள்ளிக்குள் நுழையும்போது வாயிலில் ஒரு கணம் நின்று, இதைக் கட்டியவர் யார், இதற்குத் தந்தவர் யார் என்று கேட்டறியுங்கள். உங்கள் வரலாற்றுப் பாடத்தின் முதல் ஏடு அதுவாகட்டும்.