அட்டவணையின் வடிவமும் செயற்கைத் தனிமங்களின் தேடலும்: ஆக்டினைடு கருத்து உருவான வரலாறு

யுரேனியத்துக்கு அப்பாலுள்ள செயற்கைத் தனிமங்களின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. துகள்முடுக்கிகளின் ஆற்றல் கூடக்கூடப் புதிய தனிமங்கள் பிறந்தன என்பது அதன் சாரம். இது பாதி உண்மையே. 1934 முதல் 1944 வரையிலான பத்தாண்டுகளில் அறிஞர்கள் தவறான இடத்தில் தேடியதற்கும், கையில் கிடைத்ததையே அடையாளம் காணாமல் விட்டதற்கும் தனிம வரிசை அட்டவணையின் அன்றைய வடிவம் முக்கியக் காரணம். அந்த வடிவம் திருத்தப்பட்ட பிறகே தேடல் சீரான பாதைக்கு வந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

ரோம் நகரில் நேர்ந்த பிழை

1930களின் அட்டவணையில் தோரியம் ஹாஃப்னியத்துக்குக் கீழும், புரோட்டாக்டினியம் டான்டலத்துக்குக் கீழும், யுரேனியம் டங்ஸ்டனுக்குக் கீழும் இருந்தன. ஆகவே 93ஆம் தனிமம் ரீனியத்தின் கீழ் வரும், மாங்கனீசுக் குடும்பத்தின் குணம் கொண்டிருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். 1934இல் ரோமில் என்ரிக்கோ ஃபெர்மியின் குழு யுரேனியத்தை நியூட்ரான்களால் தாக்கியபோது, சுமார் 13 நிமிட அரை ஆயுள் கொண்ட ஒரு கதிரியக்கப் பொருள் மாங்கனீசு டைஆக்சைடுடன் சேர்ந்து வீழ்படிவானது. அது ஈயம் முதல் யுரேனியம் வரையிலான தனிமங்களில் எதுவுமில்லை என்று சரிபார்த்த குழு, 93ஆம் தனிமமாக இருக்கலாம் என முடிவுகட்டியது. அறியப்பட்ட தனிமங்கள் அனைத்துடனும் ஒப்பிட வேண்டும், கரு பெருந்துண்டுகளாக உடைந்திருக்கவும் கூடும் என்று ஜெர்மானிய வேதியியலாளர் இடா நோடாக் அதே ஆண்டு எழுதினார். அவர் சொல்லைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1938 டிசம்பரில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்திலிருந்து பேரியம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். அதற்கு லீசே மைட்னரும் ஓட்டோ ஃபிரிஷும் தந்த விளக்கமே அணுக்கருப் பிளவு.

ஒரே மனிதர், இரு முடிவுகள்

ஃபெர்மி குழுவிலிருந்த எமீலியோ செக்ரே இவ்வரலாற்றில் தனிக் கவனத்துக்குரியவர். பெர்க்லி சைக்ளோட்ரானில் டியூட்ரான்கள் பட்டுப்பட்டுக் கதிரியக்கம் ஏறிய மாலிப்டினத் தகட்டை எர்னஸ்ட் லாரன்ஸ் அவருக்கு அனுப்பிவைத்தார். 1937இல் பலெர்மோவில் கார்லோ பெரியேயுடன் அதை ஆராய்ந்து, 43ஆம் தனிமமான டெக்னீசியத்தைக் கண்டார். மனிதர் உருவாக்கி அடையாளம் கண்ட முதல் தனிமம் அது. அட்டவணை சொன்னபடியே அது ரீனியத்தை ஒத்திருந்தது.

1939இல் செக்ரே பெர்க்லியில் யுரேனியத்திலிருந்து வந்த 2.3 நாள் அரை ஆயுள் கொண்ட பொருளை ஆராய்ந்தார். அது ரீனியம்போல் இல்லை. அருமண் தனிமம்போல் நடந்துகொண்டது. எனவே அது பிளவில் பிறந்த துண்டுதான் என்று வெளியிட்டார். ஆனால் எட்வின் மக்மில்லனுக்கு ஐயம் இருந்தது. மெல்லிய யுரேனியப் படலத்திலிருந்து பிளவுத் துண்டுகள் வேகத்தோடு வெளியேறிவிட, இப்பொருள் மட்டும் படலத்திலேயே தங்கியிருந்தது. 1940இல் அவரும் ஃபிலிப் ஏபல்சனும், 23 நிமிட அரை ஆயுள் கொண்ட யுரேனியம் சிதையச் சிதைய இது பெருகுவதைக் காட்டினர். அதுவே 93ஆம் தனிமமான நெப்டியூனியம். அதன் குணம் ரீனியத்தைவிட யுரேனியத்தோடு நெருங்கியிருந்தது. தேர்ந்த ஆய்வாளர் ஒருவர் கையில் வந்த தனிமத்தைத் தவறவிட்டதற்கு, அட்டவணை தந்த தவறான எதிர்பார்ப்பே காரணம்.

சீபோர்க்கின் திருத்தம்

1941 தொடக்கத்தில் கிளென் சீபோர்க்கும் உடனிருந்தோரும் புளூட்டோனியத்தை அடையாளம் கண்டனர். அதுவும் யுரேனியத்தைப்போல் +6 ஆக்சிஜனேற்ற நிலையை எட்டியது. 95, 96ஆம் தனிமங்களும் அப்படியே இருக்கும் என்று எண்ணிச் சிகாகோவில் தேடியபோது ஒன்றும் அகப்படவில்லை. 1944இல் சீபோர்க் எதிர்பார்ப்பையே மாற்றினார்: ஆக்டினியத்தை அடுத்து, லாந்தனைடுகளைப்போலவே 14 தனிமங்கள் கொண்ட வரிசை ஒன்று இருக்கிறது, அதன் பிற்பகுதியில் +3 நிலையே நிலைத்தது. இப்படியொரு வரிசை இருக்கலாம் என்று முன்பே சிலர் கருதியிருந்தாலும், அது எங்கே தொடங்குகிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. புதிய கணிப்பின்படி வேதிப் பிரிப்பை மாற்றியமைத்ததும் கியூரியமும் அமெரிசியமும் அடுத்தடுத்து வெளிப்பட்டன.

பதினேழு அணுக்கள்

இத்திருத்தத்தின் வலிமையை 1955இல் பெர்க்லியில் நடந்த சோதனை தெளிவாகக் காட்டுகிறது. ஆல்பர்ட் கியோர்சோ, பெர்னார்ட் ஹார்வி, கிரகரி சோப்பின், ஸ்டான்லி தாம்ப்சன், சீபோர்க் ஆகியோர் சுமார் நூறு கோடி ஐன்ஸ்டீனியம் அணுக்களை ஆல்ஃபா துகள்களால் தாக்கினர். மோதலில் உந்தப்பட்டு எகிறிய புதிய அணுக்களைத் தங்கத் தகடு பிடித்துக்கொண்டது. தகட்டைக் கரைத்து, கரைசலை அயனிப் பரிமாற்றப் பிசின் நிரம்பிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறக்கினர். லாந்தனைடுகளில் கனமானது முதலில் வெளியேறும். ஆக்டினைடுகளும் அதே ஒழுங்கில் வர வேண்டும். அப்படியானால் 101ஆம் தனிமம் ஃபெர்மியத்துக்குச் சற்று முன்னதாக, தூலியத்துக்கு இணையான இடத்தில் சொட்ட வேண்டும். அங்கேதான் அது வந்தது. பலமுறை செய்த சோதனைகளில் மொத்தம் 17 அணுக்களே கிடைத்தன. நிறுக்கவோ நிறமாலை எடுக்கவோ வழியில்லாத அந்த அளவில், எந்தச் சொட்டில் தேடுவது என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால்தான் கண்டுபிடிப்பு சாத்தியமாயிற்று. பனிப்போர் உச்சத்திலிருந்த அந்நாளில், அமெரிக்க அறிஞர்கள் அதற்கு ரஷ்யரான மெண்டலீவின் பெயரைச் சூட்டினர்.

கருத்தின் எல்லை

ஆக்டினைடு வரிசை 103உடன் முடிந்தால் 104ஆம் தனிமம் ஹாஃப்னியத்தின் குணம் காட்ட வேண்டும். 1970இல் பெர்க்லியில் நடந்த அயனிப் பரிமாற்றச் சோதனையில் அது ஆக்டினைடுகளிலிருந்து விலகி, சிர்கோனியம், ஹாஃப்னியத்துடன் சேர்ந்தது. தோரியத்துக்கு 1930களில் தவறாகத் தரப்பட்ட இடத்துக்கு உரியது இத்தனிமமே என்பது இவ்வாறு உறுதியானது.

அதற்கு மேல் ஆயுள் நொடிகளாகவும் அதற்கும் குறைவாகவும் சுருங்கியதால், அடையாளச் சான்று வேதியியலிலிருந்து ஆல்ஃபாச் சிதைவுத் தொடர்களுக்கு நகர்ந்தது. இருந்தும் வேதியியலின் கேள்வி ஓயவில்லை. மிகக் கனமான அணுக்களில் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குவதால், சார்பியல் விளைவுகள் குடும்பக் குணத்தையே மாற்றக்கூடும். 14ஆம் தொகுதியிலுள்ள ஃபிளிரோவியம், மேலிருக்கும் ஈயத்தைவிட மிக எளிதில் ஆவியாவது இதற்குச் சான்று.

ஆகவே தனிம வரிசை அட்டவணையை முடிந்துபோன பட்டியலாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு செயற்கைத் தனிமமும் அதன் ஒரு கணிப்பைச் சோதித்தது. 1944இல் அந்தச் சோதனைதான் அட்டவணையையே மாற்றி எழுதவைத்தது. 119ஆம் தனிமத்தோடு எட்டாம் வரிசை தொடங்கும்போது, அதன் இடத்தை இன்றைய அட்டவணையைக் கொண்டு முன்னரே தீர்மானித்துவிடாமல், சோதனையின் வழியே அறிவதுதான் ரோமும் பெர்க்லியும் கற்றுத்தந்த நெறி.